பச்சைக் கீரையைக் கையால் பதப்படுத்துவது

எளாவூர்ப் பக்கம் காய்கறிக் கடைக்கு விடிந்ததும் போனால், கடைக்காரர் நூக்கோல் கட்டைப் பிரித்து இலைகளை முறித்துத் தரையில் போடுவதைப் பார்க்கலாம். காய் தராசுக்கு, இலை மாட்டுக்கு. "அந்த இலைய எனக்குக் கொடுண்ணா" என்று கேட்டால் காசு வாங்காமலே ஒரு கை அள்ளிக் கொடுப்பார். இந்த அத்தியாயத்தில் செய்யப் போகும் பச்சைக் கலவைக்கு முதல் பொருள் அதுதான்.

சாலட் என்றதும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வட்டமாக அரிந்து தட்டின் ஓரத்தில் அடுக்குவது பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது அதை அல்ல. வேகவைக்காத இலையே முதன்மையாக, சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு முழுக் கறியாக நிற்கும் கலவை இது. இதில் தயிர், நெய், தேன், முட்டை, மீன் எதுவும் சேராது. இந்த உணவு முறையை வீகன் என்கிறார்கள். நனிசைவம் என்று நல்ல தமிழ்ச் சொல்லும் இருக்கிறது.

எங்களுடையது போன்ற மீன்பிடி ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புரட்டாசி சனிக்கிழமையும், சபரிமலைக்கு மாலை போட்ட நாட்களும், ஆடி வெள்ளியும் நம் ஊர்களிலும் வருகின்றன. பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கமும் இருக்கிறது. தன் பாடு வராத நாளில் சட்டிக்கு மீனும் வராது. அந்த நாட்களில் வெறும் பருப்புச் சாற்றோடு சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மீன் இல்லாத சோற்றிலும் நாக்குக்கு வேலை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கலவையை நான் பழகினேன்.

சென்னையின் பெரிய கடைகளில் குளிர்பெட்டிக்குள் 'கேல்' என்ற சுருட்டை இலையைப் பார்த்திருப்பீர்கள். சிலர் பரட்டைக்கீரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளில் விளைவது அது. எளாவூர் வரை வருவது அரிது, வந்தாலும் விலை கட்டாது. அது கிடைக்கவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. கேல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூக்கோல் ஐந்தும் தாவரவியலில் ஒரே இனம். பிராசிகா ஒலரேசியா என்று பெயர். ஒரே செடியை உழவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில், நுனிமொட்டு பெருத்தது முட்டைக்கோஸ் ஆனது, பூ பெருத்தது காலிஃபிளவர் ஆனது, தண்டு பருத்தது நூக்கோல் ஆனது. இலையாகவே நின்றது கேல். காஷ்மீரில் நூக்கோலுக்கு 'மோஞ்ச்' என்று பெயர். அங்கே காயையும் இலையையும் ஒன்றாகவே போட்டுச் சமைக்கிறார்கள், இலையை யாரும் எறிவதில்லை. காலிஃபிளவரின் உள்ளடுக்கில் இருக்கும் இளம் இலையும் இதே வேலைக்கு ஆகும். முள்ளங்கிக்கீரை வேறு இனம் என்றாலும் அதே குடும்பம்தான். காரம் கொஞ்சம் கூடுதல்.

பனி விழும் நாட்டில் கேல் இனிக்கும். குளிரைத் தாங்குவதற்காக அந்தச் செடி தன்னிடமிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. நம் பக்கத்து வெக்கையில் வளர்ந்த இலைக்கு அந்த இனிப்பு கிடையாது. கசப்பும், கடுகைக் கடித்தது போன்ற காரமும் தூக்கலாக இருக்கும். அதனால் வெளிநாட்டுச் சமையல் குறிப்பை அப்படியே எடுத்து, இலையைக் கிழித்துப் போட்டு, நாலு சொட்டு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டால் நம் வீட்டில் ஒருவரும் இரண்டாவது வாய் எடுக்க மாட்டார்கள். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். வைத்த கிண்ணம் வைத்தபடியே இருந்தது.

எங்கே பிழை என்று எனக்குக் காட்டியது கருவாடு. மீனைக் கீறி உப்பைத் தேய்த்து அடுக்கி வைத்தால் சில மணி நேரத்தில் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். உப்பு நீரை வெளியே இழுக்கும் என்று கருவாடு போடும் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையிலும் நடப்பது அதே வேலைதான். ஆனால் மீன் இறுகும், இலை துவளும். பச்சை இலை விறைப்பாக நிற்பதற்குக் காரணம் அதன் நுண்ணறைகளுக்குள் நிறைந்திருக்கும் நீர். உப்பு அந்த நீரை இழுத்துவிட்டால் விறைப்பு போய்விடும். கூடவே கையால் பிசைந்தால் அறைகளின் சுவரும் உடையும், மெல்லத் தாடை வலிக்காது. மீனுக்கு ஒரு ராத்திரி வேண்டும், இலைக்குப் பத்து நிமிடம் போதும். உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. நாக்கில் அது கசப்பை அமுக்கும். பாகற்காயில் உப்பைப் பிசறி வைப்பவர்களுக்கு இது புதிதல்ல.

கழுவுவது

வேகவைக்கும் கீரையில் நாம் விடும் குறையை அடுப்பு சரிசெய்துவிடும். பச்சைக் கீரையில் அந்தக் காவல் இல்லை. அதனால் இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்க வேண்டாம்.

முதலில் பழுத்த இலை, ஓட்டை விழுந்த இலை, வெளியடுக்கு இலை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மருந்து அதிகம் படுவது வெளியடுக்கில்தான். மீதியை ஒவ்வொன்றாக ஓடும் தண்ணீரில் இரு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். கொத்தாகப் பிடித்து அலசினால் காம்படி மடிப்பில் மண்ணும் புழுவும் அப்படியே இருக்கும். பிறகு ஒரு அகலப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். ஒட்டியிருக்கும் பூச்சிகள் கழன்று வரும். கல் உப்பும் மஞ்சளும் போட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கடைசி அலசலுக்குக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரையே எடுங்கள். அதன்பின் வெள்ளைத் துணியில் பரப்பித் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் சொட்டும் இலையில் புளிப்பும் காரமும் ஒட்டாது, கிண்ணத்தின் அடியில் போய் நிற்கும்.

ஏரியோரத்து வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கலாம். அப்படியானால் உலர்ந்த இலையின் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கீழே சொல்லும் உப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கலப்பது

நான்கு பேருக்குக் கால் கிலோ நூக்கோல் இலை. நடுநரம்பை இரு பக்கமும் கீறி எடுத்துத் தனியே வையுங்கள், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெற்றிலைச் சுருள்போல இறுக்கிச் சுருட்டி, அரிவாள்மனையில் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரியுங்கள். தடித்த இலையைத் தடிமனாக அரிந்தால் என்ன சேர்த்தாலும் ருசி உள்ளே போகாது.

அரிந்ததை வாயகன்ற பாத்திரத்தில் போட்டு அரைத் தேக்கரண்டி உப்பு தூவி, கையால் பிசையுங்கள். சப்பாத்தி மாவுக்குக் கொடுக்கும் அழுத்தம் வேண்டும். முதல் நிமிடம் இலை கையை எதிர்க்கும். இரண்டாவது நிமிடத்தில் ஈரம் விடும். மூன்றாவது நிமிடத்தில் நிறம் கருத்து, பாத்திரம் நிறைய இருந்தது பாதியாகச் சுருங்கிவிடும். அப்போது நிறுத்துங்கள். அதற்குமேல் பிசைந்தால் துவையல்போல் கூழாகும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துத் தின்று பாருங்கள். கசப்பு இன்னும் தூக்கலாக இருந்தால் ஒரு முறை பிழிந்துவிடுங்கள். பிழிந்த நீரோடு கொஞ்சம் சத்தும் போகும், ஆகவே அதைக் கொட்டாமல் அன்றைய குழம்பில் ஊற்றி, குழம்புக்கு உப்பைக் குறையுங்கள். இளம் இலையாக இருந்து கசப்பு இல்லையென்றால் பிழியவே வேண்டாம்.

இனிப் புளிப்பு. ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு கணக்கு. எலுமிச்சை விலை ஏறிக் கிடக்கும் கோடையில் கிளிமூக்கு மாங்காயைத் துருவிப் போடுங்கள், எனக்கு எலுமிச்சையைவிட அதுவே பிடிக்கும். குளிர்மாதத்தில் நாலு பெருநெல்லிக்காய். நம் ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறோம், சமையலும் அப்படித்தான். ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் கோங்குரா என்று சொல்லும் புளிச்சக்கீரையின் கொழுந்தைப் பத்துப் பதினைந்து பொடியாக அரிந்து சேர்த்தால் வேறு புளிப்பே தேவையில்லை. இலைக்கு இலையே புளிப்பாக நிற்கும்.

புளிப்புக்குப் பின் கொழுப்பு. பச்சை இலையிலிருக்கும் கரோட்டின் சத்து உடம்பில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும், நாக்கில் மிஞ்சும் காரத்தைப் போர்த்தவும் அது வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை மூன்று மேசைக்கரண்டி எடுத்து உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்சியில் போட்டால் மாவாகிவிடும், கடிக்க ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரம் ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி. ஸ்ரீராமநவமிக்குச் செய்யும் கோசுமல்லியில் போடுகிறோமே, அதே பருப்பு, அதே பதம். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் இரண்டு. கால் மூடித் தேங்காயைத் துருவித் தயாராக வையுங்கள், ஆனால் இப்போது போடாதீர்கள்.

வடகம்

இதுவரை சொன்னதைச் செய்தாலே தின்னத்தக்க கலவை வந்துவிடும். ஆனால் மீனுக்குப் பழகிய நாக்கு இன்னும் எதையோ தேடும். நான் நெடுநாள் எள்ளை வறுத்துப் போட்டேன், தக்காளியைத் தணலில் சுட்டுப் பிசைந்தேன். இரண்டும் நல்லவை, ஆனாலும் தேடல் நிற்கவில்லை. கடைசியில் விடை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது: தாளிப்பு வடகம்.

நம் வடமாவட்டங்களில் மீன் குழம்பு கொதித்து இறங்கும்போது கடைசியாகத் தாளிப்பது இந்த வடகத்தைத்தான். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, பங்குனி சித்திரை வெயிலில் பல நாள் காயவைத்து எடுக்கும் உருண்டை. அதில் மீன் துளியும் இல்லை. மீன் குழம்பின் மணம் என்று நாம் மனதில் வைத்திருப்பதில் பெரும்பங்கு வடகத்தின் மணம். காயும்போது வெங்காயமும் பூண்டும் லேசாகப் புளித்து, நீர் வற்றி, அடர்ந்துவிடுகின்றன. எண்ணெயில் பொரியும்போது அது அத்தனையும் திறந்துகொள்கிறது.

இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ காயவைத்து, நெல்லிக்காய் அளவு வடகத்தை உதிர்த்துப் போடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். உளுந்து சிவந்து கடுகு வெடித்ததும் ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு இறக்கி, அரை நிமிடம் சூடு தணியவிட்டுக் கலவைமேல் கொட்டுங்கள். கொதிக்கும் எண்ணெயை நேராக ஊற்றினால் இலை வெந்து நிறம் மாறிவிடும். கடைசியாகத் தேங்காய்த் துருவல், ஒரே கிளறு, பரிமாற வேண்டியதுதான்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை நான் இதைத் தாளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, சனிக்கிழமை அதுவுமா மீன் கொழம்பு வாசனை வருது?"

"வடகம்மா. வந்து பாரு."

கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "வேகவே வைக்கலியே, பச்சையாவே கீதே." ஒரு வாய் போட்டுவிட்டு, "இத்த கூழுக்குத் தொட்டுக்கலாம்க்கா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழுக்கு இதுதான். சுடுசோற்றைவிடக் கூழுக்கும் களிக்கும் இது பொருந்துகிறது என்று அவள் கண்டுபிடித்தது சரி. கூழ் வழுவழுப்பு, இலை நறநறப்பு, ஒன்றுக்கு ஒன்று ஈடு. மோர் விடாமல் உப்புப் போட்டுக் கரைத்த கூழ் என்றால் சாப்பாடு முழுக்க நனிசைவம்.

வேறு இலைகள்

பச்சை இலையைக் கறியாக உண்பதில் யாழ்ப்பாணத்தாரிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது. அவர்கள் வல்லாரைச் சம்பல் செய்வது இப்படி: வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டுக் கையால் லேசாகப் பிசறுவார்கள். தேசிக்காய் என்பது நம் எலுமிச்சை. மாசிக்கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்களும் உண்டு, நாம் அதை விட்டுவிடலாம். வல்லாரை மெல்லிய இலை. அதை உப்புப் போட்டு ஊறவைக்கக் கூடாது, பிசறிய கையோடு உண்டுவிட வேண்டும். நின்றால் கருத்துவிடும். குளத்துக் கரையில் வளர்வதால் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். வீட்டில் தண்ணீர்க்குடம் வைக்கும் ஈர மூலையில் ஒரு தொட்டி வைத்தால் அதுவே படர்ந்துகொள்ளும்.

பருப்புக்கீரை எல்லோர் கொல்லையிலும் தானாக முளைக்கிறது. சதைப்பற்றான அதன் இலையில் இயல்பாகவே புளிப்பு உண்டு, மேலே சொன்ன கலவையில் கால்பங்கு சேர்த்தால் போதும். உமரிக்கீரை ஏரியோர உவர்மண்ணின் செடி. குண்டு குண்டாக நீர் நிறைந்த சிறு இலை, கோடையில் சிவந்து நிற்கும். அது தன் உடம்பிலேயே உப்பைச் சேர்த்து வைத்திருப்பதால் பச்சையாகத் தின்ன முடியாது. கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு பிடி மட்டும் கலவையில் சேருங்கள். அன்றைக்கு வேறு உப்பே போடக் கூடாது. இதை எங்கே பறிப்பது என்பதில் கவனம் வேண்டும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம், அதன் எல்லைக்குள் செடிகளை அள்ளி வருவது சரியல்ல. ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் கால்வாய் ஓரத்தையும் விட்டுவிடுங்கள். உப்பு நிலத்துச் செடிகள் உப்போடு உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும்.

சேப்பங்கிழங்கு இலையைப் பச்சையாக ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள். அதிலிருக்கும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை அரித்து வீங்கவைக்கும். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை மூன்றும் வெந்தால்தான் நன்மை. அகத்தியும் முருங்கையும் அதேபோலத்தான்.

யார் கவனிக்க வேண்டும்

கருவுற்ற பெண்களும், கைக்குழந்தைகளும், நோயிலிருந்து தேறி வருபவர்களும் வேகாத கீரையைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு இதே இலையை ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து, இதே வடகத்தைத் தாளித்துக் கொடுங்கள். கேல், நூக்கோல் இலை வகைகளில் வைட்டமின் கே அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று தினமும் உண்ணத் தொடங்கக் கூடாது. தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் பச்சையாக நிறைய உண்ண வேண்டாம், வாரம் ஒரு கிண்ணம் அளவோடு நிறுத்தலாம். அயோடின் சேர்த்த உப்பையே இதற்கு எடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பருப்புக்கீரையையும் உமரியையும் ஒதுக்கிவிட்டு நூக்கோல் இலையோடு நிற்கலாம், அதில் ஆக்சலேட் குறைவு. கீரையிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சையும் நெல்லியும் உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைக் கெடுக்கும், ஒரு மணி நேரம் பொறுங்கள். முழுநேர நனிசைவராக மாறியவர்கள் பி12 சத்துக்குக் கீரையை நம்ப முடியாது. அதற்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ வேண்டும்.

உப்பில் பிசைந்த இலை, புளிப்புச் சேர்த்த பின்னும் மூன்று நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் நிற்கும். முட்டைக்கோஸ் குடும்பத்து இலைக்கு உள்ள பெரிய வசதி அது. காலையில் பிசைந்து வைத்துவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்வந்து மதியம் தாளிக்கலாம். ஆனால் தேங்காய் சேர்ந்துவிட்டால் நம் கரையோரத்து வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. மிஞ்சியதை வாணலியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் இரவுக்குப் பொரியல் ஆகிவிடும்.

எடுத்து வைத்த நடுநரம்புகளை மறந்துவிடாதீர்கள். விரல்கடையில் கால் பங்கு நீளத்துக்கு நறுக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, கீறிய பச்சைமிளகாயோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு எடுக்கலாம், மூன்றாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும்.